எங்கள் சுவரைக் கடன் வாங்கிய கல்லூரி

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுகிறேன். பக்கத்துக் கல்லூரி நீங்கலாக இங்கே எல்லோரும் நலம். உன் மூட்டுவலியும் உன் வீட்டுக்காரியின் கோபமும் மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்தது. அதோடு நீ சேர்த்து அனுப்பிய கல்லூரியின் வழவழப்பான புத்தகமும் வந்தது. அதற்குப் பதில் எழுதும் முன்னால் நம் பிள்ளைகளின் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும், பின்னால் வரப்போவதில் நல்லது என்று எதுவும் கிடையாது.

பெரியவன் மகன் கப்பலில் இரண்டாம் இஞ்சினியர் ஆகிவிட்டான். முதலாம் இஞ்சினியர் தூங்கும்போது கப்பல் இவன் கையில்தான் ஓடுகிறதாம். முதலாமவர் நன்றாகத் தூங்குகிறவர் என்றும் எழுதியிருக்கிறான். அவன் தங்கை பல் டாக்டர் ஆகித் தனியாக ஆஸ்பத்திரியே வைத்துவிட்டாள். அவள் அனுப்பிய படத்தில் யாரோ ஒரு மனிதர் நாற்காலியில் சாய்ந்து வாயைப் பிளந்திருக்கிறார், இவள் கையில் இடுக்கியோடு சிரிக்கிறாள். அந்த மனிதரை எனக்குத் தெரியாது, ஆனால் தினமும் காலையில் அவருடைய கடைவாய்ப் பல்லில்தான் கண் விழிக்கிறேன். மகள் வயிற்றுப் பேரன் வக்கீல். இன்னும் ஒரு வழக்கும் ஜெயிக்கவில்லை என்று அவன் அம்மா குறைப்படுகிறாள். அவன் தோற்கிற அழகைப் பார்த்து எதிர்த்தரப்பு வக்கீலே எழுந்து வந்து கை கொடுத்தாராம், அதை அவள் யாரிடமும் சொல்வதில்லை. சின்னவன் மகள் வானிலை ஆபீசில் இருக்கிறாள். அவள் வரும் என்று சொன்ன மழை வருவதில்லை, அது மழையின் ஒழுங்கீனம். இவர்கள் எல்லோரும் நம் கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு வரிசையாகத் தொங்குகிறார்கள். வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் முதலில் அந்தச் சுவரைப் பார்த்து, ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டு, நான் பதில் சொல்லி முடித்த பிறகுதான் உட்கார முடியும். தண்ணீர் மீட்டர் பார்க்க வருகிறவர் இப்போதெல்லாம் தெருவில் நின்றபடியே எட்டிப் பார்த்துக்கொள்கிறார்.

வரிசையின் கடைசியில் உன் பேத்தி, நம் பொடிசு. அவள் படம் மட்டும் பழசு. மூன்று வயதில் ஸ்டூடியோக்காரரின் பொம்மை டெலிபோனைப் பிடுங்கிக்கொண்டு திருப்பித் தர மாட்டேன் என்று மூக்கு ஒழுக அழுதாளே, அந்தப் படம். அவள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருப்பதும், என் வீட்டில் தங்கிக்கொண்டு பக்கத்துக் கல்லூரியிலேயே படிக்கட்டும் என்று நீ முடிவு செய்திருப்பதும் உன் கடிதத்தில் தெரிந்தது. “வீட்டுச் சுவரை ஒட்டியே கல்லூரி இருக்கிறது, பிள்ளை தெருவைக்கூடத் தாண்ட வேண்டாம், உனக்கும் பேச்சுத்துணை ஆயிற்று” என்று எழுதியிருக்கிறாய். எனக்குப் பேச்சுத்துணை வேண்டும் என்று உன்னிடம் யார் சொன்னார்கள்? என்னோடு பேச அந்தக் கல்லூரியின் ஒலிபெருக்கி இருக்கிறது. காலையிலிருந்து மாலை வரை ஒழுக்கத்தைப் பற்றியே பேசுகிறது.

அந்தக் கல்லூரி போன வருஷம் வரைக்கும் என்னவாக இருந்தது என்பதை நீ மறந்திருப்பாய். கோழிப்பண்ணை. சுவர் மேலாக நான் கூடையை நீட்டுவேன், பண்ணைக்காரர் முட்டையை வைத்துத் தருவார், அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த உறவு. ஒருநாள் கோழிகள் எல்லாம் லாரியில் ஏறிப் போயின. மறுநாள் கொட்டகைகளுக்கு மஞ்சள் வர்ணம் அடித்தார்கள். அதற்கடுத்த வாரம் வாசலில் கல்லூரி என்று பலகை ஏறியது. கோழிப்பண்ணைக்காரர் கல்வித் தந்தை ஆகிவிட்டார். தெருவில் எல்லோரும் அவரைத் தாளாளர் ஐயா என்கிறார்கள். நான் மட்டும் பழைய ஞாபகத்தில் இன்றைக்கு முட்டை இல்லையா என்று கேட்டுவிட்டேன். பரீட்சை முடிவு வந்த நேரம் அது, அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

வழவழப் புத்தகத்தைப் பார்த்து நீ மயங்கிவிட்டாய் என்பது தெரிகிறது. முதல் பக்கத்தில் கல்லூரிக் கட்டடத்துக்குப் பின்னால் பனிமலை இருக்கிறது. நானும் மொட்டை மாடியில் ஏறி அந்தத் திசையில் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது. மொட்டை மாடி என்றதும் சொல்கிறேன், அங்கே இப்போது வெயிலே கிடையாது. கல்வித் தந்தை இரண்டு கைகளையும் விரித்துச் சிரிக்கிற விளம்பரப் பலகை ஒன்றை நம் மாடியை ஒட்டி நிறுத்தியிருக்கிறார்கள். காலை வெயில் அவர் நெற்றியிலும் மாலை வெயில் அவர் முதுகிலும் போய்விடுகிறது. உள்ளறையில் இருக்கிற மெத்தையை எடுத்துக் காயப்போடலாம் என்றால்கூட இடமில்லை. யாருக்காகவும் காயப்போட நினைக்கவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். ஜெனரேட்டர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் அவர்கள் வகுப்பில் விளக்கு எரிகிறதோ இல்லையோ, நம் சுவர் அதிர்கிறது, பிள்ளைகள் எல்லாம் ஆணியில் ஆடி ஆடிக் கோணிக்கொள்கிறார்கள். வக்கீல் எப்போதும் இடப்பக்கமாகச் சாய்கிறான். தினமும் துணியை எடுத்துக்கொண்டு நாற்காலியில் ஏறி ஒவ்வொருவரையும் நிமிர்த்தி வைப்பதே எனக்கு வேலையாகிவிட்டது.

இதெல்லாம் போகட்டும். கல்லூரிப் பேருந்தைக் கொண்டுவந்து நம் வாசலை அடைத்து நிறுத்துகிறார்கள். வெளியே போக வேண்டுமானால் பேருந்தின் ஒரு வாசலில் ஏறி இன்னொரு வாசலில் தெருவுக்கு இறங்க வேண்டும், வேறு வழியில்லை. அப்படித்தான் ஒருநாள் பால் வாங்க ஏறினேன். நான் நடுவில் போய்க்கொண்டிருக்கும்போதே டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். “நிறுத்துப்பா நிறுத்துப்பா”ன்னு கத்துறேன், அவர் பாட்டை வைத்துவிட்டார். ஊரெல்லாம் சுற்றி, பிள்ளைகளை ஒவ்வொருவராக ஏற்றி, எனக்கும் மரியாதையாக ஜன்னலோரம் இடம் கொடுத்து, மறுபடி கல்லூரி வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். வாசலில் காவல்காரர் பிடித்துக்கொண்டார்.

“அடையாள அட்டை எங்கம்மா?”

“பால் சொம்புதான்ப்பா இருக்கு.”

“சரி சரி, உள்ள போங்க. இன்னிக்கு வகுப்புல ஆள் கம்மியா இருக்குன்னு முதல்வர் ஐயா கவலைப்பட்டுக்கிட்டிருக்காரு.”

என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று நானும் போய் உட்கார்ந்தேன். நீளமான கொட்டகை. பெஞ்சு, கரும்பலகை எல்லாம் இருந்தன. வாத்தியார் இல்லை. மணி அடித்தார்கள், எல்லோரும் எழுந்து நின்றோம், யாரும் வரவில்லை, உட்கார்ந்தோம். மறுபடி மணி அடித்தார்கள். அது வகுப்பு முடிந்ததற்கான மணியாம். பக்கத்தில் இருந்த பெண் நல்ல பெண், ரெட்டைச் சடை, வாய் ஓயாது. அவளிடம் கேட்டேன்.

“ஏம்மா, உங்க வாத்தியாருக்கு உடம்பு சரியில்லையா?”

“அவர் செவ்வாய்க்கிழமைதான் வருவார் பாட்டி.”

“இன்னிக்கு செவ்வாய்க்கிழமைதானே?”

“எந்த செவ்வாய்னு அவர் சொல்லலையே.”

தம்பி, நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன் என்று நீ உன் சம்பந்திகளிடம் மெதுவான குரலில் சொல்வாயாம், என் காதுக்கு வந்தது. இனிமேல் சத்தமாகவே சொல். ஐந்து வருஷமும் எனக்கு வாத்தியார் வந்தார். அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, “தினமுமா பாட்டி?” என்று கண்ணை அகல விரித்தாள். ஏதோ அரண்மனையில் வளர்ந்தவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

அன்றைக்கு மாலையே கல்வித் தந்தையைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று சுவர் ஓரமாகப் போய் நின்றேன். நான் வாயைத் திறக்குமுன் அவரே சுற்றிக்கொண்டு நம் வீட்டுக்குள் வந்துவிட்டார். கூடவே முதல்வரும் வந்தார். முதல்வர் சாது மனுஷர். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார், யாரும் ஒன்றும் சொல்லாவிட்டாலும் ஆட்டுவார். இரண்டு பேரும் நேராகப் படச்சுவருக்கு முன்னால் போய் நின்றார்கள்.

“பெரியம்மா, இதெல்லாம் உங்க பேரப்பிள்ளைங்களா? முகத்துல என்ன களை, என்ன களை! எங்க பிள்ளைங்க முகத்துல அரியர்தான் தெரியுது.”

“உட்காருங்க. கப்பல்ல இருக்கானே, இவன்...”

“உட்கார நேரமில்ல பெரியம்மா. நாளைக்கு ஆய்வுக் குழு வருது. வரவேற்பறைச் சுவர் மொட்டையா இருக்கு. முன்மாதிரி இளைஞர்கள்னு இவங்க படத்தை ஒரு நாளைக்கு மாட்டிக்கிறோம். பெரிய பெரிய படிப்பு படிச்சவங்க எல்லாம் நின்னு பார்ப்பாங்க.”

அந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் விழுந்தேன். நம் பிள்ளைகளைத் தண்ணீர் மீட்டர்காரர் மட்டும் பார்த்தால் போதுமா, நீயே சொல். ஆனாலும் படங்களைத் தனியாக அனுப்ப எனக்கு மனசில்லை, நானும் கூட வருவேன் என்றேன்.

“தாராளமா வாங்க. விடுதிக் காப்பாளர் நாற்காலி காலியாத்தான் இருக்கு, உட்கார்ந்துக்குங்க.”

“உங்க விடுதி எங்க இருக்கு?”

“அதான் நாற்காலி இருக்குன்னேனே.”

முதல்வர் தலையாட்டினார்.

மறுநாள் போய்ப் பார்த்தால் நம் தெருவே கல்லூரிக்குள் இருந்தது. வெள்ளைக் கோட்டு வைத்திருப்பவர் என்பதால் சலூன்காரரை ரசாயனக் கூடத்தில் பேராசிரியராக நிறுத்தியிருந்தார்கள். நூலகத்தில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். புத்தகங்கள் பழைய பேப்பர் கடையிலிருந்து மூட்டையாக வந்திருந்தன. சாயங்காலம் திரும்பிப் போக வேண்டும் என்பதால் சணல் கயிற்றைக்கூட அவிழ்க்கவில்லை, அலமாரியில் கட்டுக் கட்டாகவே நின்றன. குழுவுக்குத் தலைவி ஒரு அம்மாள். நரைத்த தலை, தடித்த கண்ணாடி, கையில் ஒரு ஃபைல், அதிகம் பேசவில்லை. அவருக்குப் பின்னால் இரண்டு பேர். கல்வித் தந்தை முன்னால் நடக்க, முதல்வர் தலையாட்டிக்கொண்டே தொடர, காப்பாளர் என்ற முறையில் நானும் போனேன். என் நாற்காலியையும் யாரோ தூக்கிக்கொண்டு வந்தார்கள், விடுதி எங்கே என்று கேட்டால் காட்டுவதற்காக.

ரசாயனக் கூடத்தில் தலைவியம்மாள், “உங்க ஆராய்ச்சி எதுல?” என்று கேட்டார். சலூன்காரருக்கு முதல் நாள் இரவே மனப்பாடம் செய்து கொடுத்திருந்தார்கள். ஆனால் அவர் கண் அந்தம்மாளுக்குப் பின்னால் நின்ற ஆளின் கிருதாவில் மாட்டிக்கொண்டது. ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கம். பாவம், தொழில் பக்தி, என்ன செய்வார்? “சார், ஒரு நிமிஷம் இப்படி வெளிச்சத்துல உட்காருங்களேன்” என்று அந்த ஆளின் தோளில் கை வைத்துவிட்டார். கல்வித் தந்தை, “பேராசிரியர் எதையும் கூர்ந்து கவனிப்பவர்” என்று சொல்லி எல்லோரையும் வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். நூலகத்தில் குழு வாசலிலேயே தயங்கி நின்றது. உள்ளே கண்டக்டரின் ரத்தம் பொறுக்குமா? “வாசல்ல நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எவ்ளோ இடம் இருக்கு!” என்று சத்தம் போட்டார். தலைவியம்மாளே பயந்துபோய் நடுவில் போய் நின்றார். தத்துவப் புத்தகம் எங்கே என்று கேட்டதற்கு, “அது அடுத்த ஸ்டாப்பிங்” என்றார்.

அப்புறம் வரவேற்பறை. நம் பிள்ளைகள் சுவரில் இருந்தார்கள். நம் வீட்டில் இருந்ததைவிட நேராக இருந்தார்கள், அதை மறுக்க மாட்டேன். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு அட்டை, அட்டையின் மேல் ஒரு துணி. கல்வித் தந்தை ஒவ்வொரு துணியாக விலக்கினார். “எங்கள் முதல் அணி மாணவர்கள்” என்றார். போன வருஷம் ஆரம்பித்த கல்லூரிக்கு அதற்குள் முதல் அணி வெளியேறி உலகத்தையே ஆள ஆரம்பித்துவிட்டது, என்ன வேகம் பார். கப்பல்காரன் விமானி என்று எழுதியிருந்தது. எனக்கு நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். அடுத்தது பல் டாக்டர். பன்னாட்டு வங்கி மேலாளர் என்று அட்டை சொன்னது. தலைவியம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அந்த வாய் பிளந்த மனிதரையே பார்த்தார்.

“வங்கியில இவர் ஏன் இப்படி...?”

“கடன் கேட்கிறார் மேடம்” என்றார் கல்வித் தந்தை.

“அந்தப் பொண்ணு கையில இடுக்கி இருக்கே?”

“வசூலும் அவங்கதான் பார்க்கிறாங்க.”

வக்கீல் பேரனை நீதிபதி ஆக்கியிருந்தார்கள். அது எனக்குப் பொய்யாகத் தோன்றவில்லை, கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான். வானிலைக்காரி படத்தில் அண்ணாந்து பார்க்கிறாள் இல்லையா, அதனால் அவள் விண்வெளி ஆராய்ச்சி. அதையும் பொறுத்துக்கொண்டேன். நம் பிள்ளைகளைப் பெரியவர்கள் வரிசையாக நின்று பார்க்கிறார்களே என்ற பூரிப்பில் எனக்கு மற்றதெல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

அதற்கப்புறம் ஓரமாகத் தனி மேஜை ஒன்று இருந்தது. அதன் மேல் துணியால் மூடிய கடைசிப் படம். கல்வித் தந்தை துணியை விலக்குமுன் கைக்குட்டையை எடுத்தார், குரலைத் தாழ்த்தினார்.

“மேடம், இந்தக் கல்லூரியை நான் ஏன் தொடங்கினேன்னு எல்லாரும் கேட்பாங்க. சொன்னதில்ல. என் வீட்டுக் குழந்தை மாதிரிங்க. படிக்கணும் படிக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்கும். காய்ச்சல்ல போயிடுச்சு. அதோட நினைவாத்தான் மேடம் இதெல்லாம். எல்லாரும் ஒரு நிமிஷம் மௌனமா நிக்கணும்னு கேட்டுக்கிறேன்.”

எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். அப்போதுதான் அவர் துணியை விலக்கினார். நானும் நின்றேன். யாரோ ஒரு குழந்தை, பாவம், என்று புடவைத் தலைப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தலையைக் குனிந்தபடியே கண்ணை மட்டும் கொஞ்சம் உயர்த்திப் பார்த்தேன். மேஜை மேல் ஒரு சட்டம், அதன் மூலையில் குறுக்காகக் கறுப்பு ரிப்பன். ரிப்பனுக்குக் கீழே பொம்மை டெலிபோன். அதைப் பிடித்திருக்கிற கை. ஒழுகுகிற மூக்கு.

தம்பி, அது நம் பொடிசு. அவளுக்குத் தலை குனிந்து நின்றிருக்கிறேன். ஒரு நொடி என்றாலும் நின்றிருக்கிறேன். அப்புறம் என் வாயில் வந்தது வரவேற்பறைக்குத் தாங்காது.

“எடுய்யா ரிப்பனை! யாருக்குய்யா காய்ச்சல்? யாருய்யா போனது? போன மாசம் பன்னிரண்டாம் வகுப்பு பாஸ் பண்ணியிருக்கா அவ! மூணு வேளையும் சாப்பிடறா, அண்ணன்கிட்ட சண்டை போடறா, குத்துக்கல்லாட்டம் இருக்கா! உன் கொட்டகையிலதான்யா வந்து சேரப்போறா!”

“பெரியம்மா, மௌனம்... மௌனம்...”

“என்னய்யா மௌனம்? கோழிக்குக் காய்ச்சல் வந்ததுக்கு எம் பிள்ளையைக் காட்டுறியா?”

ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. இவன் விமானி இல்லை கப்பல், இவள் வங்கி இல்லை பல், அந்த வாய் கடன் கேட்கவில்லை வலியில் கத்துகிறது, இவன் நீதிபதி இல்லை இன்னும் கொஞ்ச நாள் ஆகும், இவள் மழை, யாரும் இந்தக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை, மிதித்தது நான் ஒருத்திதான், அதுவும் பால் சொம்போடு என்று வரிசையாகச் சொல்லி முடித்தேன். சத்தம் கேட்டு சலூன்காரர் கையில் சீப்போடும், கண்டக்டர் வாயில் விசிலோடும் ஓடி வந்தார்கள். தண்ணீர்த் தட்டு ஏந்தி நின்ற அந்த ரெட்டைச் சடைப் பெண்ணிடம் தலைவியம்மாள் திரும்பினார்.

“நீ இங்க படிக்கிற பொண்ணுதானே? நிஜமா?”

“நிஜம்தான் மேடம். அடையாள அட்டை இருக்கு.”

“உங்க படம் ஒண்ணுகூட ஏன் சுவர்ல இல்ல?”

“நாங்க இன்னும் ஒண்ணும் ஆகலையே மேடம். ஆக்கறதுக்கு செவ்வாய்க்கிழமை வரணும்.”

அந்தம்மாள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, “நீங்க யாரும்மா?” என்றார். முதல்வர் பழக்க தோஷத்தில், “விடுதிக் காப்பாளர்” என்றார், தலையையும் ஆட்டினார். “பக்கத்து வீடு” என்றேன் நான். ஃபைலை மூடினார், தேநீரைத் தொடாமல் படியிறங்கிப் போய்விட்டார். நான் என் பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சுவரிலிருந்து கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். பொடிசை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

ஆகையால் தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். பிள்ளையை இங்கே அனுப்பாதே. இந்தக் கல்லூரியில் அவளைச் சேர்க்க வேண்டுமானால் முதலில் அவள் உயிரோடிருக்கிறாள் என்று யாராவது சான்று தர வேண்டும். வாத்தியார் எந்தச் செவ்வாய்க்கிழமை என்று தெரியாத இடத்துக்கு, புத்தகத்தைக் கயிற்றோடு படிக்கிற இடத்துக்கு, நம் வீட்டுப் பெண்ணைத் தூக்கி மேஜை மேல் வைத்து அழுகிற ஆளை நம்பி, எப்படி அனுப்பச் சொல்வேன்? நான் தனியாக இருப்பதை நினைத்து நீ தடுமாறாதே. எனக்குப் பழகிவிட்டது. உள்ளறை மெத்தை அப்படியே சுருட்டி இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. வேறு ஊரில், நல்ல இடமாக, வாத்தியார் இருக்கிற இடமாகப் பார். தள்ளி இருந்தாலும் பரவாயில்லை.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. மூட்டுக்குத் தைலம் தேய்க்கும்போது அவளோடு வாக்குவாதம் செய்யாதே, உன் மூட்டு அவள் கையில் இருக்கிறது. உன் பிள்ளைகளும் மருமகள்களும் எல்லாச் செல்வமும் பெற்று, தேடுகிறவர்களுக்குத் தட்டுப்படுகிற தூரத்திலேயே வாழட்டும். பொடிசின் தலையில் என் கையை வைத்ததாக நீ உன் கையை வைத்துவிடு.

இப்படிக்கு,
அன்பு மறவாத அக்கா.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி உறையில் போட்டும் தபாலில் சேர்க்க முடியவில்லை. தபால் பெட்டி கல்லூரிப் பேருந்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. நல்லவேளை. இன்று காலை அந்தப் பேருந்து தானாக நகர்ந்தது. நகர்ந்த இடத்தில் கல்வித் தந்தையும் முதல்வரும் நின்றார்கள். உள்ளே வந்தார்கள், உட்கார்ந்தார்கள். முதல் முறையாகப் படங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள்.

“பெரியம்மா, குழுத் தலைவி உத்தரவு போட்டிருக்காங்க. மறுபடி வருவாங்களாம். வரும்போது அந்தப் பொண்ணு முதல் பெஞ்சுல உயிரோட உட்கார்ந்திருக்கணுமாம். ‘அவ நினைவா தொடங்கின கல்லூரின்னு சொன்னது நீங்கதானே, அவ படிக்கற அழகை நான் பார்க்கணும்’னு என்கிட்ட சொல்லிட்டாங்க.”

“பார்க்கலேன்னா?”

“கல்லூரிக்கே கறுப்பு ரிப்பன்னு சொல்லிட்டாங்க பெரியம்மா. எப்படியாவது பிள்ளையை வரவழைச்சுக் கொடுங்க.”

ஒரு கல்லூரியின் உயிர் நம் வீட்டுப் பெண்ணின் மூக்கில் இருக்கிறது, தம்பி. எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பார். ஆனாலும் நான் சட்டென்று இளகவில்லை. வாத்தியார் தினமும் வர வேண்டும் என்றேன், சரி என்றார். கயிற்றை அவிழ்த்த புத்தகம் வேண்டும் என்றேன், சரி. ஒலிபெருக்கி வாய் திறக்கக் கூடாது, சரி. பலகை நம் மாடிக்கு எதிரில் நிற்கக் கூடாது என்றேன், அதற்கு மட்டும் கொஞ்சம் முகம் வாடினார். முதல்வர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், இந்த முறை அர்த்தத்தோடு. புதிதாக எடுத்திருக்கிற கணக்கியல் டீச்சருக்குத் தங்க இடமில்லை என்றார்கள். நம் மாடி அறையைக் கொடுத்துவிட்டேன். இனிமேல் அவள் வகுப்புக்குப் போகாமல் தூங்குவது எப்படி என்று நானும் பார்க்கிறேன். அந்தக் காப்பாளர் நாற்காலியையும் இங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லிவிட்டேன், அது இப்போது வாசல் பக்கம் பார்த்துப் போட்டிருக்கிறது.

ஆகவே மேலே நான் கோழிப்பண்ணை என்று எழுதியிருக்கிற இடங்களில் எல்லாம் காற்றோட்டமான நீண்ட வகுப்பறைகள் என்று மாற்றிப் படித்துக்கொள். பிள்ளையை அனுப்பாதே என்பதை உடனே அனுப்பு என்று படி. பனிமலை பற்றி எழுதியதை அப்படியே விட்டுவிடு, அது இன்னும் வரவில்லை. உன் வீட்டுக்காரி தயங்கினால் இந்தக் கடிதத்தின் முன்பகுதியை அவளிடம் காட்டாதே, இதை மட்டும் படித்துச் சொல். பலகையை மதியமே கழற்றிவிட்டார்கள். மாடி முழுக்க வெயில். அந்த ரெட்டைச் சடைப் பெண் வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள், மெத்தையைத் தூக்கி வெயிலில் போட்டாயிற்று. தலையணையும் போட்டாயிற்று. பொடிசு எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பாள் என்று எழுது.

இன்னொன்று. பழைய படத்தில் ரிப்பன் ஒட்டியிருந்த பசையை எத்தனை துடைத்தும் மூலையில் ஒரு கறுப்புக் கோடு நிற்கிறது. அதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை, குப்புறக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அவள் புறப்பட்டு வர எப்படியும் நாளாகும். அதுவரைக்கும் நான் வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவளை ஸ்டூடியோவுக்கு அழைத்துக்கொண்டு போய், இப்போது இருக்கிறபடி, நன்றாக நிமிர்ந்து, பல் தெரியச் சிரிக்க வைத்து, டெலிபோன் கேட்டால் கையில் கொடுத்தே புதுசாக ஒரு படம் எடுத்து, பெரிய அளவில், நாளைத் தபாலிலேயே போட்டுவிடு.